ஒரு நாளை முழுதாகப் பார்ப்பது எப்படி? நிழல் முதல் எறும்பு வரை

ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்று பள்ளியில் படித்துவிட்டோம். ஆனால் அது சூரியனின் கணக்கு மட்டும்தான். நட்சத்திரங்களின் நாள் அதைவிடக் கொஞ்சம் குட்டை. நிலவின் நாள் கொஞ்சம் நெட்டை. இவற்றுக்குக் கீழே செடி, பூச்சி, பறவை, நாம் என்று ஆளுக்கொரு கடிகாரத்தை உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறோம். இத்தனையையும் ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு கைக்கடிகாரம் இருந்தால் வீட்டு வாசலில் இருந்தபடியே பார்த்துவிடலாம். தொலைநோக்கி வேண்டாம். செல்போன் செயலிகளும் ஆரம்பத்தில் வேண்டாம். விடையை முன்னாலேயே சொல்லிக் கெடுத்துவிடும்.

எதைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது வெளிச்சம் வந்த பிறகு நடக்கிறதா, வருமுன்பே தெரிந்துவைத்துக்கொண்டு நடக்கிறதா? எனக்கு இதில் பித்துப் பிடித்ததே அந்தக் கேள்வியால்தான்.

இடமும் நோட்டும்

புதிதாக வருபவர்கள் நாளுக்கோர் இடம் போய்ப் பார்ப்பார்கள். இன்று குளக்கரை, நாளை மலை உச்சி. அழகான காட்சிகள் கிடைக்கும், சுழற்சி கிடைக்காது. அசையாத ஒன்றை வைத்துத்தான் அசைவதை அளக்க முடியும். ஆகவே ஒரே இடம். கிழக்கோ மேற்கோ ஒரு பக்கமாவது வானம் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு மரமோ பூச்செடியோ, முடிந்தால் ஓர் எறும்புச் சாரையோ இருந்தால் போதும்.

நோட்டில் மணிக்கு மணி எழுதத் திட்டமிடாதீர்கள். மூன்றாம் நாளே அலுத்துவிடும். நம்மிடம் ஏற்கெனவே நல்ல பிரிவு ஒன்று இருக்கிறது, சிறுபொழுது ஆறு: காலை (6 முதல் 10), நண்பகல் (10 முதல் 2), எற்பாடு (2 முதல் 6), மாலை (6 முதல் 10), யாமம் (10 முதல் 2), வைகறை (2 முதல் 6). ஒவ்வொன்றும் 4 மணி நேரம், அதாவது 10 நாழிகை. பக்கத்துக்கு ஆறு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பார்த்தும் ஒன்றும் இல்லையென்றால் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுங்கள். பார்க்கவே இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டும்போது, 'அந்த வாரம் வௌவால் வரவில்லையா, நான் போகவில்லையா?' என்று தலையைச் சொறியாமல் இருக்கலாம். யாமக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் கிடக்கும். கிடக்கட்டும், தூக்கம் முக்கியம்.

முதல் வாரம்: நிழல்

எடுத்ததும் பறவை, நட்சத்திரம் என்று பாயாமல் நிழலில் தொடங்குங்கள். சமதரையில் ஒரு முழ நீளக் குச்சியை நேராக நடுங்கள். நேராக நிற்கிறதா என்று பார்க்க, நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு ஒப்பிட்டால் போதும். கொத்தனாரின் தூக்குக் குண்டு வேலைதான்.

நிழல் மிகக் குறுகும் நேரமே உச்சிப்பொழுது. ஆனால் அதை நேரடியாகப் பிடிப்பது கடினம், ஏனென்றால் உச்சியை ஒட்டிய கால் மணி நேரத்துக்கு நிழல் நீளம் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு பழைய வழி உண்டு. காலை பத்தரை வாக்கில் நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைத்து, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். குச்சியின் அடியை மையமாக வைத்து, கயிற்றால் அந்தப் புள்ளி வழியாக ஒரு வட்டம் போடுங்கள். நிழல் வட்டத்துக்குள் சுருங்கிப் போய், மதியத்துக்குப் பிறகு நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும். அந்த மணியையும் குறியுங்கள். இரண்டு மணிகளுக்கும் நட்ட நடு நேரம்தான் உங்கள் இடத்தின் உச்சி. இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் அது கிழக்கு மேற்கு. அதன் நடுவிலிருந்து குச்சியின் அடிக்கு இழுக்கும் கோடு வடக்கு தெற்கு.

கடிகாரத்தில் அது சரியாக 12 ஆக இருக்காது. பயப்பட வேண்டாம், குச்சி பிழையில்லை. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வைத்திருப்பதால், அந்த நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகையிலிருந்து நீங்கள் கிழக்கிலோ மேற்கிலோ ஒரு பாகை (டிகிரி) தள்ளியிருந்தால் 4 நிமிடம் மாறும். அதுபோகப் பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் அல்ல, அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டாலும் நவம்பர் தொடக்கத்தில் சூரியன் நம் கடிகாரத்துக்கு 16 நிமிடம் முந்தி உச்சிக்கு வரும். பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு: ஆண்டில் இரண்டு நாள் உச்சியில் குச்சியின் நிழல் குச்சிக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும்.

மாலையில் அளக்கக் கையே கருவி. கையை நன்றாக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. வானம் ஒரு மணிக்கு 15 பாகை நகர்கிறது. அதாவது ஒன்றரை முஷ்டி. சூரியன் தொடுவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் இருந்தால், நிலநடுக்கோட்டுப் பக்கம் மறைய ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். துருவத்தை நோக்கிப் போகப் போகச் சூரியன் சாய்ந்து இறங்கும். இன்னும் நேரம் எடுக்கும். சூரியனை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். முஷ்டியாலேயே மறைத்துக்கொண்டு அளக்கலாம்.

அப்புறம், சூரியன் மறைந்ததும் எல்லாரும் மேற்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். கிழக்கே தொடுவானத்தை ஒட்டி, சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று மெல்ல ஏறும். அதன் தலையில் வெளிறிய ரோஜா நிறம். அந்த நீலம் மேகமல்ல, நாம் நிற்கும் பூமியின் நிழல். காற்றின் மேலேயே விழுகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் இருட்டோடு கலந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது, இத்தனை வருடம் எதிர்ப்பக்கமே நின்றிருந்தேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முழு இருட்டு எப்போது? சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை வெளியில் ஓரளவு வேலை பார்க்கலாம். 12 பாகையில் கடலும் வானமும் சேரும் கோடு மங்கிவிடும். 18 பாகை இறங்கினால் கடைசி வெளுப்பும் போய்விடும். நிலநடுக்கோட்டில் இதற்கு ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது. வடக்கே வெகுதூரம் போனால் கோடையில் இரவு முழுக்கவே கருக்கலாக நிற்கும்.

இரண்டாம் வாரம்: நட்சத்திரமும் நிலவும்

மேற்கே ஒரு சுவர் விளிம்பையோ கம்பத்தையோ தேர்ந்தெடுங்கள். ஒரு பிரகாசமான நட்சத்திரம் அதன் பின்னால் மறையும் மணியை நிமிடம் வரை குறியுங்கள். மறுநாள் அதே நட்சத்திரம், அதே விளிம்பு. 4 நிமிடம் முன்னதாகவே மறைந்துவிடும். அதற்கு அடுத்த நாள் 8 நிமிடம். ஒரு மாதத்தில் 2 மணி நேரம், ஓராண்டில் முழுச் சுற்று.

காரணம் எளிது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்க 23 மணி 56 நிமிடம்தான் ஆகிறது. ஆனால் அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையில் ஏறக்குறைய ஒரு பாகை முன்னே போய்விடுகிறது. சூரியனை மறுபடி அதே இடத்தில் பார்க்க இன்னும் ஒரு பாகை திரும்ப வேண்டும். அந்த ஒரு பாகைக்கு 4 நிமிடம்.

நான் முதலில் செய்தபோது பத்து நாளில் 40 நிமிடம் வர வேண்டியது 25-தான் வந்தது. வானத்தையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் நாற்காலி. நடுவில் யாரோ கூட்டிப் பெருக்கும்போது இரண்டடி தள்ளிப் போட்டிருக்கிறார்கள். சுவர் விளிம்பு முப்பதடி தூரம். அந்த இரண்டடி, வானத்தில் கிட்டத்தட்ட 4 பாகை, அதாவது கால் மணி நேரம். ஆகவே தூரத்து விளிம்பாகத் தேர்ந்தெடுங்கள். நாற்காலிக் கால்களுக்குத் தரையில் சாக்பீஸால் அடையாளம் போடுங்கள். இன்னொன்று, கோள்களை இதற்கு எடுக்காதீர்கள்; அவை நட்சத்திரங்களுக்கு நடுவே தாமாகவே நகர்பவை. மினுக்காமல் நிலையாக ஒளிர்வது பெரும்பாலும் கோள்.

நிலவு நேர் எதிர். நாளுக்குச் சராசரி 50 நிமிடம் தாமதமாக எழும். பௌர்ணமியன்று சூரியன் மறையும்போது எழுந்த நிலவு, அடுத்த வாரம் நள்ளிரவு வாக்கில் வரும். காலை ஒன்பது மணிக்கும் மேற்கே வெளிறிப்போய்த் தொங்கும். 'நிலா ராத்திரிதான் வரும்' என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நோட்டில் இரண்டு வாரம் எழுதிப் பார்க்கட்டும். கடற்கரையில் இருப்பவர்களுக்கு இந்த 50 நிமிடம் தண்ணீரிலேயே தெரியும். பெரும்பாலான கரைகளில் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறுவதால், ஏற்றம் ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

காற்றும் வெயிலும்

இது சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு வெப்பமானியை நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் மாட்டுங்கள். சூடு உச்சத்துக்கு வருவது உச்சிப்பொழுதில் அல்ல, 2 மணிக்குப் பிறகு. அதேபோல் குளிர் அதிகம் இருப்பது நள்ளிரவில் அல்ல, சூரியன் எழுந்த சற்று நேரத்துக்குள். வரவையும் செலவையும் நினைத்துக்கொள்ளுங்கள்: தரை வெளியே விடும் சூட்டைவிட உள்ளே வருவது கூடுதலாக இருக்கும்வரை கையிருப்பு ஏறிக்கொண்டே போகும். இரவு முழுக்கச் செலவு மட்டும்தான். விடிந்து வரவு ஓரளவு வந்த பிறகே இறக்கம் நிற்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் செலவு அதிகம். அன்று புல்லில் பனி கூடுதலாக இருக்கும்.

மூன்றாம் வாரம்: இலையும் பூவும்

இதுவரை பார்த்தவை எல்லாம் பூமி சுழல்வதால் தானாக நடப்பவை. இனிமேல்தான் ஆரம்பத்தில் சொன்ன கேள்வி.

தூங்குமூஞ்சி மரம், புளிய மரம், அகத்தி, தொட்டாற்சிணுங்கி என எது கிடைத்தாலும் சரி. மாலைக் கட்டத்தில் அதன் பக்கத்தில் நின்று ஒரே ஒரு இலையைப் பாருங்கள். பகலில் விரித்த உள்ளங்கை மாதிரி இருந்த சிற்றிலைகள், எதிரெதிராக எழுந்தோ தாழ்ந்தோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிற்றிலை காம்போடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால் சின்னதாக ஒரு புடைப்பு தெரியும். அதுதான் கீல். அதன் ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் போகும். அந்தப் பக்கம் தளர, மறுபக்கம் விம்மும், இலை மடியும். தசையும் நரம்பும் இல்லாமல் தண்ணீரை இடம் மாற்றியே நடக்கிற வேலை.

இதை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் அலெக்சாண்டரின் கடற்படையில் இருந்த ஆண்ட்ரஸ்தனீஸ். சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரம் இரவில் இலை மூடிப் பகலில் திறப்பதைக் குறித்தார். அது புளிய மரம் என்று கருதுகிறார்கள். ஆனால் 'வெளிச்சம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?' என்று கேட்டது வெகு பிந்தித்தான். 1729-இல் பிரான்சில் தெ மேரான் என்ற வானியலாளர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். சூரியனே படாதபோதும் பகல் நேரத்தில் அது இலையை விரித்தது, இரவு நேரத்தில் மூடிக்கொண்டது.

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு தொட்டாற்சிணுங்கித் தொட்டிகள். ஒன்று வழக்கம்போல ஜன்னல் ஓரம். மற்றொன்றை மாலையில் ஒளி புகாத அலமாரிக்குள் வையுங்கள். அடுத்த இரண்டு நாளும் காலை 10, இரவு 10 மணிக்கு அலமாரியை லேசாகத் திறந்து, ஒரு நொடி மங்கிய வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மூடுங்கள். காலையில் இலைகள் விரிந்திருக்கும். இரண்டு மூன்று நாளுக்குப் பின் அசைவு சோர்ந்துபோகும். அதோடு வெளியே எடுத்துவிடுங்கள், பாவம். ஓர் எச்சரிக்கை: நான் முதல்முறை தொட்டியை வெளியே இழுத்துப் பார்த்து, 'காலை 10, மூடியிருக்கிறது' என்று பெருமையாக எழுதி வைத்தேன். செடியின் பெயர் என்ன என்பதே மறந்துபோயிற்று.

பூக்களில் அந்திமந்தாரை நல்ல ஆள்; எற்பாட்டின் பின்பகுதியில் மலரும், மறுநாள் வெயில் ஏறச் சுருங்கும். அல்லியும் தாமரையும் இருக்கும் இடமென்றால் இருவரின் பணிநேரத்தையும் அடுத்தடுத்து எழுதலாம். இப்படி மலரும் நேரங்களைக் கோத்து ஒரு பூக்கடிகாரமே அமைக்கலாம் என்று 1751-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் எழுதினார். வெயிலும் மழையும் மாறினால் நிமிடக் கணக்கு தவறும், ஆனாலும் ஆசையான யோசனை. சூரியகாந்தியை வளர்ப்பவர்கள் இளஞ்செடியை இரவில் பாருங்கள். பகலெல்லாம் மேற்கே திரும்பிய தலை, இருட்டிலேயே மெல்லக் கிழக்குக்கு வந்து காத்திருக்கும். முற்றிய பூ திரும்பாது, கிழக்கைப் பார்த்தபடியே நின்றுவிடும்.

நான்காம் வாரம்: இறகும் காலும்

வைகறைக் கட்டத்துக்கு ஒரு வாரமாவது எழுந்திருக்க வேண்டிவரும். கண்ணுக்கு வேலையில்லை, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதல் குரல் கேட்ட மணி, இரண்டாவது குரல், மூன்றாவது. பெயர் தெரியாவிட்டால் 'விசில்காரன்', 'கரகரப்பு' என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ளலாம். வரிசை நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மேகமூட்டமான நாளில் மொத்த வரிசையும் கொஞ்சம் பிந்தும்.

சேவல் இதில் தனி ரகம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் சேவல்களை மாறாத மங்கலான வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். விடியலே இல்லாதபோதும் ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை, விடிய வேண்டிய நேரத்துக்குக் கூவின. வழக்கமான இரவு பகலில் வைத்தபோதோ, விளக்கு எரிவதற்குச் சுமார் 2 மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டன. 2013-இல் வந்த ஆய்வு அது. பின்னொரு ஆய்வில், ஒரே கூட்டில் இருந்தால் கூட்டத்தின் தலைவன்தான் முதலில் கூவுகிறான், மற்றவை அந்தஸ்து வரிசைப்படி காத்திருக்கின்றன என்று கண்டார்கள்.

தேனீக்களுக்கு நேரம் கற்றுக்கொடுக்கலாம். தினமும் காலை 10 முதல் 11 வரை மட்டும் ஒரே இடத்தில் ஒரு தட்டில் சர்க்கரைத் தண்ணீர் வையுங்கள். 11 ஆனதும் கழுவி எடுத்துவிடுங்கள். தேனீக்கள் பழகி ஐந்தாறு நாள் ஆன பின், ஒரு நாள் வெறும் தட்டை மட்டும் காலையிலேயே வைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். பத்துக்குச் சற்று முன்பே தட்டைச் சுற்ற ஆரம்பித்துவிடும். 1929-இல் இங்கெபோர்க் பெலிங் என்ற ஆய்வாளர் இதே முறையில்தான் தேனீக்களுக்கு நேர நினைவு உண்டு என்று காட்டினார். தேனீ கொட்டினால் ஒவ்வாமை வரும் என்றால் இதைத் தவிர்த்துவிடுங்கள். எறும்பு மொய்க்காமல் இருக்கத் தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே வைக்கலாம்.

வௌவால்களில் முதல் வௌவால் கண்ணில் படும் மணியை மட்டும் குறியுங்கள்; மாதக்கணக்கில் அது சூரியன் மறையும் நேரத்தைப் பின்தொடர்வது தெரியும். எறும்புச் சாரை வெயில் ஏறினால் கலையும், தரை ஆறினால் மறுபடி கூடும். அங்கே வெப்பமானிக் குறிப்பையும் சேர்த்துப் பாருங்கள். எறும்பு கடிகாரத்தைவிடத் தரைச்சூட்டுக்குத்தான் அதிகம் கட்டுப்படுகிறது என்று எனக்குப் படுகிறது.

பட்டியலில் நீங்களும் உண்டு

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியால் விழித்ததும், நண்பகலில், முன்மாலையில், படுக்குமுன் என நாலு தடவை உங்கள் உடல் சூட்டைக் குறியுங்கள். காலையில் குறைவாகவும் முன்மாலையில் அரை டிகிரி செல்சியஸ் அளவு கூடியும் இருக்கும். விழிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்புதான் அது ஆகக் குறைவு.

1962-இல் மிஷெல் சிஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சு நிலவியலாளர் கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14 அன்று வெளியே அழைத்தபோது, அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20. மனக்கணக்கு 25 நாள் தவறியிருந்தது. உடம்போ 24 மணியைச் சற்றே தாண்டிய ஒழுங்கில் தூங்கி விழித்துக்கொண்டிருந்தது. 1999-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மனிதரின் உட்கடிகாரத்தை அளந்தபோது கிடைத்த சராசரி 24 மணி 11 நிமிடம். அந்த மிச்ச நிமிடங்களைத் தினமும் திருத்துவது முக்கியமாகக் காலை வெளிச்சம்தான். பழ ஈயில் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு புரதம் இரவில் சேர்கிறது, சேர்ந்ததும் தன்னை உண்டாக்கும் மரபணுவையே அடக்குகிறது, பகலில் சிதைகிறது, மறுபடி சேர்கிறது.

ஒரு நாள் மட்டும் முழுதாக

மாதக் கடைசியில், அமாவாசையை ஒட்டிய ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து 24 மணி நேரமும் உட்கார்ந்து பாருங்கள். தனியாக வேண்டாம். இருவர் இருந்தால் யாமத்தை ஒருவரும் வைகறையை ஒருவரும் எடுத்துக்கொள்ளலாம். காலைக் கட்டத்தில் தொடங்கினால் உடம்பு தெளிவாக இருக்கும்போதே நிழல் வட்டம் முடிந்துவிடும். விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள், வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். மூன்றரை, நான்கு வாக்கில் காரணமில்லாமல் குளிரும், எரிச்சல் வரும். அதையும் கட்டத்தில் எழுதுங்கள், அதுவும் குறிப்புதான். அந்த நேரத்தில் யாரோடும் வாதம் செய்யாதீர்கள். விடிந்த பிறகு தூங்கப் போகலாம். நாற்காலியை மட்டும் எடுத்து உள்ளே போட்டுவிடாதீர்கள்; அடுத்த மாதம் அதே நட்சத்திரத்தை 2 மணி நேரம் முன்னதாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.